டீப்-வீ யாருடையது? ரே ஹன்ட் பற்றி ஒரு நீண்ட இழை

வாசகர் ஒருவரின் கேள்வி, மே 6

"டீப்-வீ படகைக் கண்டுபிடித்தவர் டிக் பெர்ட்ராம் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். அண்ணன் போன இழையில் ரே ஹன்ட் என்று எழுதியிருந்தீர்கள். எது சரி? அப்புறம் இன்னொன்று. அடி வீ எழுத்து மாதிரி இருந்தால் என்ன, தட்டையாக இருந்தால் என்ன, வேகம் தருவது மோட்டார்தானே?"

மே 6, இரவு

பெர்ட்ராம் இல்லை, படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட்தான். பெர்ட்ராம் அந்தப் படகைப் பார்த்தார், கேட்டு வாங்கினார், பந்தயத்தில் ஓட்டி ஜெயித்தார், தன் பெயரைப் போட்டு ஆயிரக்கணக்கில் விற்றார். அதற்கும் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பின்கோடி வரை ஆழமான வீயாகவே இருக்கும் அந்த அடிப்பாகம், அதாவது டீப்-வீ, பிறந்தது ஹன்டின் தலைக்குள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் என் முதுகில் இருக்கிறது. மாசசூசெட்ஸில் படகு மோட்டார் பழுது பார்க்கும் வேலைக்கு வந்த புதிதில், கடையின் வேலைப்படகு ஒன்றில்தான் தினமும் போவேன். முன்னால் கூர், பின்னால் பலகை போலத் தட்டை. துறைமுகத்துக்குள் அருமையாக ஓடும். தடுப்புச்சுவரைத் தாண்டி பஸ்ஸர்ட்ஸ் பேயில் இறங்கினால் ஒவ்வொரு அலைக்கும் யாரோ அடியிலிருந்து உலக்கையால் இடிப்பது போல இருக்கும். மோட்டாரில் இன்னும் பாதி வேகம் மிச்சம் கிடக்கும், ஆனால் உட்கார்ந்திருக்கிற ஆள் தாங்கமாட்டான். வேகக் கைப்பிடியை இழுத்துக் குறைத்துத்தான் ஆக வேண்டும். மூன்றாம் வருடம் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இப்போது வைத்திருப்பது 23 அடி டீப்-வீ. மோப்பிக்கு இருந்த அதே 24 டிகிரி சாய்வு. அதே விரிகுடா, அதே பிற்பகல் காற்று. பட்டையைக் கழற்றி எட்டு வருடம் ஆகிறது.

மே 7

மோப்பி என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, முதலிலிருந்து.

சார்ல்ஸ் ரேமண்ட் ஹன்ட், 1908-ல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் கரையோரம் டக்ஸ்பரி என்ற ஊரில் பாய்ப்படகு ஓட்டி வளர்ந்தார். படகு வடிவமைப்பைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. ஓட்டிப் பார்த்தது, நீர் எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று கண்ணால் பார்த்தது, இவைதான் அவருடைய படிப்பு.

1958-ல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் அமெரிக்காஸ் கோப்பைக்கான தேர்வுப் போட்டிகள் நடந்தன. ஹன்ட் வரைந்த ஈஸ்டர்னர் என்ற பாய்ப்படகும் போட்டியில் இருந்தது, ஜெயிக்கவில்லை. ஈஸ்டர்னருக்குத் துணையாக வந்த சின்ன மோட்டார் படகுதான் கதையை மாற்றியது. அதுவும் ஹன்ட் வடிவமைத்தது, 23 அடி. மியாமியில் படகு வியாபாரம் செய்த டிக் பெர்ட்ராம் எதிரணியான விம் படகின் மாலுமிகளில் ஒருவராக அங்கே வந்திருந்தார். மற்ற துணைப்படகுகள் அலையில் தடுமாறி வேகம் குறைத்த நாளில், இந்தச் சின்னப் படகு மட்டும் நிற்காமல் போனதைப் பார்த்தார். அதே மாதிரி 30 அடியில் தனக்கு ஒன்று வேண்டும் என்று ஹன்டிடம் கேட்டார். மரத்தில் செய்த அந்தப் படகுக்கு மனைவியின் செல்லப்பெயரை வைத்தார். அதுதான் மோப்பி.

1960 ஏப்ரல், மியாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் வரை பந்தயம். மோப்பியை ஓட்டியவர் சாம் கிரிஃபித், கூடவே பெர்ட்ராமும் கார்ல்டன் மிட்செல் என்ற எழுத்தாளரும். அன்று எட்டடி அலை. மோப்பி சுமார் எட்டு மணி நேரத்தில் நசாவ் போய்ச் சேர்ந்தது. மற்ற படகுகள் எல்லாம் மறுநாள்தான் வந்தன.

மே 7, கொஞ்ச நேரம் கழித்து

மேலே கடைசி வரி தப்பு. ஒருவர் தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. இரண்டாவதாக வந்த படகு அன்றைக்கே, சுமார் இரண்டு மணி நேரம் பின்னால் வந்துவிட்டது. மூன்றாவது படகுதான் மறுநாள் வந்தது.

இந்தத் திருத்தம் ஹன்டின் பக்கத்தை இன்னும் பலமாக்குகிறது. இரண்டாவதாக வந்தது ஜிம் வின் ஓட்டிய அக்வா ஹன்டர். 24 அடிதான். அதன் அடியும் ஹன்ட் வரைந்த டீப்-வீ. அளவில் வேறு, மோட்டாரில் வேறு, ஓட்டியவர் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அடிப்பாகம் ஒன்றுதான். கிரிஃபித்தின் கைத்திறனால் மட்டும் ஜெயித்தது என்று சொல்பவர்களுக்கு அக்வா ஹன்டர்தான் என் பதில். கிரிஃபித் பெரிய ஓட்டுநர் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அக்வா ஹன்டரில் அவர் இல்லையே.

மே 9

அடிச்சாய்வு என்றால் என்ன என்று விளக்கச் சொன்னீர்கள். படம் போடத் தெரியாது, வார்த்தையில் சொல்கிறேன்.

படகை ரொட்டி மாதிரி குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கீழே ஏரா, படகின் முதுகெலும்பு. அங்கிருந்து அடிப்பக்கம் இரண்டு பக்கமும் மேலே ஏறிப் போகும். தரைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி ஏறுகிறதோ அதுதான் அடிச்சாய்வு. தட்டை அடிக்குச் சாய்வு பூஜ்யம்.

வேகப்படகு ஒரு கட்டத்துக்கு மேல் மிதப்பதில்லை, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வழுக்குவதற்குத் தட்டைதான் லாபம், குறைந்த குதிரைத்திறனில் எழும்பிவிடும். அதனால் ஹன்டுக்கு முன்னால் பெரும்பாலோர் ஒரு சமரசம் செய்தார்கள். அலையை வெட்ட முன்னால் கூர், எழும்பப் பின்னால் தட்டை. நடுவில் அந்தக் கூர் முறுக்கிக்கொண்டே தட்டையாகும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய பி.டி. என்ற டார்பீடோ படகுகளும் ஏறக்குறைய அந்த மாதிரிதான்.

காகிதத்தில் நியாயமான சமரசம். ஆனால் வேகமாக ஓடும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீரைத் தொடுவதே இல்லை. படகு நிற்பது பின்பாதியில், விழுவதும் பின்பாதியில். அலையில் விழுந்து அடிவாங்கும் இடம் தட்டையாகவும், காற்றில் நிற்கும் இடம் கூராகவும் இருந்தன.

ஹன்ட் அந்தக் கூரைக் கடைசிவரை, பின்பலகை வரை, ஏறக்குறைய மாறாத சாய்வில் கொண்டுபோனார். 24 டிகிரி. அப்போது படகு எந்த இடத்தில் விழுந்தாலும் கத்தி இறங்குவது போல இறங்கும். அலையின் அறை ஒரே நொடியில் முழுசாக விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக விழும்.

இன்னொரு லாபம், என் அனுபவத்தில் இதுதான் பெரியது. அலை பின்னாலிருந்து வரும்போது பழைய முறுக்கு அடி பயங்கரமானது. தட்டையான பின்பக்கத்தை அலை தூக்கிவிடும், கூரான அணியம் கீழே குத்திக்கொள்ளும், குத்திய அணியத்தைச் சுற்றிப் படகு அப்படியே குறுக்கே திரும்பிவிடும். சுக்கான் கையில் இருக்கும், பேச்சு மட்டும் கேட்காது. முன்னும் பின்னும் ஒரே சாய்வாக இருந்தால் அந்த இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

மே 9, மறுபடி

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். 24 டிகிரி மட்டும் போதாது. வெறும் ஆழமான வீ தண்ணீரில் புதைந்து ஓடும், நீர் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், மோட்டார் திணறும். அதற்காக ஹன்ட் அடியில் நீளவாக்கில் மெல்லிய முக்கோணப் பட்டைகள் ஒட்டினார். என் படகில் பக்கத்துக்கு மூன்று. கீழ்முகம் தட்டை, வெளிவிளிம்பு கூர். ஏறி வரும் நீரை அந்த விளிம்பு வெட்டி வெளியே தள்ளும். தள்ளும்போது படகைக் கொஞ்சம் மேலே தூக்கும். வேகம் கூடக்கூடப் படகு ஒவ்வொரு பட்டையாக ஏறி, கடைசியில் நடுவில் ஒரு குறுகிய முக்கோணத்தின் மேல் மட்டும் ஓடும். ஈரமாகும் பரப்பு குறைவு, அதனால் இழுப்பும் குறைவு.

இழை தொடங்கியபோது கோணம்தான் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். எழுத எழுத, கோணத்தையும் பட்டையையும் சேர்த்ததுதான் கண்டுபிடிப்பு என்று தோன்றுகிறது. கோணம் வலியைக் குறைத்தது, அதற்கான விலையில் பாதியைப் பட்டை கட்டியது.

மீதிப் பாதியை நாம்தான் கட்ட வேண்டும். எரிபொருள் கூடுதல். நிற்கும்போது ஆட்டம் அதிகம், தூண்டில் போடும்போது இரண்டு பேர் ஒரே பக்கம் போனால் படகு உடனே சாயும். ஓடும்போது பக்கக்காற்று அடித்தால் காற்றுப் பக்கமே சாய்ந்து ஓடும், அதைப் பின்பலகையில் இருக்கும் சமன்தட்டுகளால் சரிசெய்துகொண்டே வர வேண்டும். வாங்குவதற்கு முன் இதையெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள்.

மே 14

"ஹன்டின் பெயர் ஏன் பெர்ட்ராம் அளவுக்குத் தெரியவில்லை?"

ஜெயித்த கையோடு பெர்ட்ராம் மோப்பியின் மர உடலையே மாதிரியாக வைத்து ஃபைபரில் அச்செடுத்தார். 1961-ல் பெர்ட்ராம் 31 சந்தைக்கு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் உற்பத்தியில் இருந்தது, 1,800-க்கும் மேல் செய்தார்கள். படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைத்தான் ஜனங்கள் படிப்பார்கள். வரைந்தவன் பெயர் அங்கே இருக்காது.

காப்புரிமையும் ஹன்டுக்குக் கிடைக்கவில்லை. டான் அரோனோ என்ற ஆள் மியாமியில் ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனம் தொடங்கி வேகப்படகு விற்றார். எல்லாவற்றின் அடியிலும் டீப்-வீதான். இங்கிலாந்தில் ஃபேரி மரீன், ஹன்டின் அடியை வைத்தே ஹன்ட்ரஸ் என்ற படகைச் செய்தது. அங்கே பெயரிலாவது அவர் நிழல் இருக்கிறது. உலகம் முழுக்க நகலெடுத்தவர்கள் எத்தனை பேரோ. அத்தனை படகுக்கும் ஆளுக்கொரு டாலர் கொடுத்திருந்தால்கூட அந்த மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மே 15

நேற்றுக் கோபத்தில் எழுதியதைக் கொஞ்சம் நேராக்க வேண்டும்.

ஹன்ட் ஒன்றுமில்லாததிலிருந்து இதைக் கொண்டுவரவில்லை. பின்பாதியில் சாய்வு மாறாமல் ஓட வேண்டும் என்று லிண்ட்சே லார்ட் 1940-களிலேயே எழுதிவிட்டார். அவர் சொன்னது குறைந்த சாய்வில். அந்தக் கருத்தை எடுத்து, யாரும் துணியாத கோணத்துக்குக் கொண்டுபோய், பட்டையும் சேர்த்து, உண்மையான கடலில் ஓடவைத்தது ஹன்ட். அரோனோவையும் வெறும் நகலெடுத்தவர் என்று சொன்னது நியாயமில்லை. ஃபார்முலாவிலும் டான்ஸியிலும் அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ஜிம் வின்னும் வால்ட் வால்டர்ஸும். வின் யார்? அக்வா ஹன்டரை ஓட்டிய அதே வின். மோட்டார் படகுக்குள், விசிறி மாட்டிய ஓட்டும் கால் வெளியே என்ற அமைப்பை வோல்வோ பென்டாவுக்கு 1959-ல் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். டீப்-வீயும் அந்தக் கால் அமைப்பும் ஒரே நேரத்தில் வந்தது பெரிய பொருத்தம். ஆழமான வீக்குள் நீண்ட தண்டு இறக்காமல் மோட்டாரைக் கடைசிப் பலகையோடு ஒட்டி வைக்க முடிந்தது.

மே 20

"பாஸ்டன் வேலரும் ஹன்ட் வரைந்ததுதானே, அதுவும் டீப்-வீயா?"

வரைந்தது ஹன்ட்தான். டீப்-வீ இல்லை, கிட்டத்தட்ட நேர் எதிர்!

டிக் ஃபிஷர் என்பவர் ஃபைபர் தோல் இரண்டுக்கு நடுவில் நுரை நிரப்பி, மூழ்காத சின்னப் படகு செய்ய நினைத்தார். ஹன்டிடம் போனார். ஹன்ட் எடுத்த மாதிரி, முதல் உலகப் போர்க் காலத்தில் ஆல்பர்ட் ஹிக்மன் செய்த ஸீ ஸ்லெட். அதன் அடி கவிழ்த்த வீ. நடுவில் பள்ளம், இரு பக்கமும் மேடு. பிறகு மாற்றி மாற்றிப் பார்த்து நடுவிலும் மூன்றாவதாக ஒரு மேடு சேர்த்தார்கள். 1958-ல் 13 அடி வேலர் வந்தது. 1961-ல் லைஃப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. ஃபிஷர் கோட்டும் டையும் போட்டுப் படகில் உட்கார்ந்திருக்கிறார், படகை நடுவில் ரம்பத்தால் அறுக்கிறார்கள், பிறகு அவர் பாதிப் படகை ஓட்டிக்கொண்டு போகிறார்.

நான் இதில்தான் அவருடைய மேதைமையைப் பார்க்கிறேன். அதே வருடங்களில் ஒரு கையால் 24 டிகிரி கூர், இன்னொரு கையால் கவிழ்த்த பள்ளம். விரிகடலில் வேகமாக ஓட ஒன்று. குளத்தில், துறைமுகத்தில், ஓரத்தில் நின்றாலும் சாயாமல் இருக்க இன்னொன்று. தன் கண்டுபிடிப்பின் மேல் அவருக்குப் பிடிவாதம் இருக்கவில்லை.

மே 20, தொடர்ச்சி

அதற்கு இருபது வருடம் முன்னால் போனால் இன்னும் ஆச்சரியம். 1938-ல் நியூ இங்கிலாந்தை ஒரு பெரும் புயல் தாக்கியது, ஹவ்லண்ட் குடும்பத்தின் பாய்ப்படகு அதில் போனது. அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஹன்ட் ஒன்று வரைந்தார். அதுதான் கன்கார்டியா யால். மொத்தம் 103 செய்தார்கள், அதில் 99 ஜெர்மனியில் ஆபேகிங் அண்ட் ராஸ்முஸன் பட்டறையில். மரப்படகை நேசிப்பவர்கள் இன்றைக்கும் அதன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அடுத்த வருடமே 110 என்ற பந்தயப் படகு. ஒட்டுப்பலகையில், இரண்டு முனையும் கூராக, 24 அடி நீளத்தில் சுருட்டு மாதிரி.

கன்கார்டியாக்கள் வந்து நிற்கும் துறை எங்கள் பக்கத்துப் படானராம். பைபிள் படித்தவர்களுக்குப் புரியும், யாக்கோபு பெண் தேடிப் போன பதான் அராம்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அந்தப் படகுகளைக் காட்டுவேன். அணியத்தில் செதுக்கிய நட்சத்திரமும் பின்னால் பிறையும் பார்த்தால் கன்கார்டியா என்று என் சின்னவளே சொல்லிவிடுவாள்.

ஜூன் 2

தூத்துக்குடித் தம்பி ஒருவர் கேட்டது: "இவ்வளவு நல்லது என்றால் நம்ம ஊர் ஃபைபர் படகுகளுக்கு ஏன் இந்த அடி இல்லை?"

நான் திருச்செந்தூருக்குத் தெற்கே கரையோரம் பிறந்தவன். இதை நானும் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முதலில் இங்கே வந்த புதிதில், நம் ஆட்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அது தப்பு.

நம் படகு அலையை உடைத்துக் கரையேற வேண்டும். மணலில் நேராக உட்கார வேண்டும், நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். 24 டிகிரி அடியை மணலில் ஏற்றினால் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். வலை இழுக்கும்போது எல்லோரும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள், அங்கே ஆட்டம் ஆகாது. மோட்டாரும் சின்னது. ஹன்டின் அடிக்கு வேண்டிய குதிரைத்திறனுக்கு டீசல் ஊற்றினால் மீன் விற்ற காசு டீசலுக்கே போய்விடும். எங்கள் அப்பாவிடம் ஒருமுறை போனில் இந்த அடியை விவரித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அது ஓடுற படகுடா, நமக்கு நிக்கிற படகு வேணும்" என்றார். எனக்கு அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை.

ஜூன் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் இந்தியாவுக்கும் டீப்-வீக்கும் சம்பந்தமே இல்லையா" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

இருக்கிறது, நன்றாகவே. ஸன்னி லெவி. 1926-ல் கராச்சியில் பிறந்தவர். போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை. பிறகு பம்பாயில் படகு வடிவமைக்கத் தொடங்கி, இத்தாலிக்குப் போனார். முன்னால் குறுகி, பின்பலகையில் அகலம் அதிகமாகி, மேலிருந்து பார்த்தால் முக்கோணம் போல இருக்கும் டெல்டா வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஆழமான வீயையும் அதில் சேர்த்தார். ஃபியட் குடும்பத்து ஜியானி அன்யெல்லிக்கு அல்டிமா டீ என்ற பந்தயப் படகு. 1963-ல் லெவியின் ஆ'ஸ்பெரான்ஸியெல்லா இங்கிலாந்தின் கவ்ஸ்-டார்கி பந்தயத்தை ஜெயித்தது. 1967-ல் அவர் வரைந்த ஸர்ஃபியூரி அதே பந்தயத்தை ஜெயித்தது. 1986-ல் அட்லாண்டிக்கை 3 நாள் 8 மணி 31 நிமிடத்தில் கடந்த வர்ஜின் அட்லாண்டிக் சேலஞ்சர் 2-ன் உடலும் லெவி வரைந்தது.

ஹன்டா லெவியா என்ற சண்டை ஐரோப்பிய ஆட்களிடம் ஓயவே ஓயாது. என் பார்வையில் ஹன்ட் வழியைத் திறந்தார். லெவி அதைப் பந்தய வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார், கால் அமைப்பு, நீர்மட்டத்தில் பாதி வெளியே சுழலும் விசிறி என்று படகின் மற்ற பாகங்களையும் சேர்த்து யோசித்தார். இரண்டு பேரையும் ஒரே தராசில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 19

ஒரு மாதமாக எழுதவில்லை, படகு கையைக் கடித்துவிட்டது.

பின்பலகையில் மோட்டார் மாட்டிய போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. திறந்து பார்த்தால் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் ஈரத் தவிடாக உதிர்கிறது. விற்ற பட்டறை "எல்லாம் புதுசா மாத்தியாச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தது. மேலே ஜெல் பூசி மினுக்கியிருந்தார்கள், உள்ளே தொடவே இல்லை. பழைய டீப்-வீ வாங்குகிறவர்கள் அடியின் அழகில் மயங்கிப் பின்பலகையை மறந்துவிடாதீர்கள். சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டக்கென்று கேட்கும், அழுகிய இடத்தில் பூசணிக்காயைத் தட்டினது போலக் கேட்கும். மோட்டாரை மேலே சாய்த்துத் தூக்கி ஒரு முறை முன்னும் பின்னும் அசைத்துப் பலகை கூடவே அசைகிறதா என்றும் பாருங்கள். நான் மோட்டார் வேலை செய்கிறவன், எனக்கே தோன்றவில்லை.

மூன்று வாரம் சுரண்டி, உலர்த்தி, புதுப்பலகை வைத்து மூடினேன்.

ஆகஸ்ட் 11

இன்று மதியம் கட்டிஹங்க் தீவிலிருந்து திரும்பினோம். போகும்போது கண்ணாடி மாதிரி கடல். இரண்டு மணிக்கு மேல் தென்மேற்கிலிருந்து காற்று ஏறியது. வடியும் நீர் அதே தென்மேற்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றும் நீரோட்டமும் எதிர்த்து நின்றால் பஸ்ஸர்ட்ஸ் பேயில் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அலை உயரமில்லை, நாலடிதான், ஆனால் செங்குத்தாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்.

காற்று முதுகுப் பக்கம். படகின் வேகம் 18 நாட். ஒவ்வொரு அலையின் முதுகில் ஏறி, இறங்கி, அடுத்ததில் அணியம் நுழையும்போது எனக்குப் பழைய பயம் ஒரு நொடி வந்தது. படகு திரும்பவில்லை. அணியத்தை மூழ்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராகப் போனது. சின்னவள் பின்னால் தூங்கிவிட்டாள்.

ஹன்ட் 1978-ல் இறந்துவிட்டார். அவர் டக்ஸ்பரி விரிகுடாவிலும் இந்தத் தண்ணீரிலும்தான் இதை யோசித்திருப்பார் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். இந்தக் குட்டைச் செங்குத்து அலையில் அடிவாங்காத ஆளுக்கு இந்த அடி தோன்றியிருக்காது.

செப்டம்பர் 5

"24 டிகிரிதான் இன்றைக்கும் உச்சமா?"

இல்லை. இது பலருக்குக் கசக்கும், ஆனால் உண்மை. ஹன்டின் பெயரில் நடந்துவரும் வடிவமைப்பு நிறுவனமே மாறாத சாய்விலிருந்து விலகியிருக்கிறது. கிரேடி-வைட் படகுகளுக்கு அவர்கள் வரைந்த அடியில் நடுவில் சாய்வு சுமார் 30 டிகிரி, பின்பலகையில் 20-க்குப் பக்கம். அலையை உடைக்கும் இடத்தில் கூடுதல் கூர், நிற்கும்போது ஆடாமல் இருக்கப் பின்னால் கொஞ்சம் தட்டை. மீன் பிடிக்க நிற்கும் படகுக்கு அது சரியான முடிவு. மாசசூசெட்ஸின் கிளாடிங்-ஹெர்ன் பட்டறையில் அவர்கள் அடியோடு செய்யும் பைலட் படகுகள், கப்பலுக்கு வழிகாட்டியை ஏற்றிப்போகும் படகுகள், எந்த வானிலையிலும் கப்பலுக்குப் பக்கத்தில் போய் நிற்கின்றன. இங்கே வேகம் வேண்டியது ஆடம்பரத்துக்கு இல்லை, வேலைக்கு.

மே 9 குறிப்பில் முறுக்கிய அடியையே குற்றம் சொன்னேன். அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பூஜ்யத்துக்கு முறுக்குவதுதான் பிரச்சினை. 20-க்கு முறுக்குவது வேறு கதை.

அக்டோபர் 27

படகைத் தண்ணீரிலிருந்து எடுத்தாயிற்று.

"24 டிகிரி என்கிறீர்களே, அளந்து பார்த்தீர்களா" என்று மே மாதமே ஒருவர் கேட்டிருந்தார், பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்று அளந்தேன். வண்டியில் ஏற்றிய பிறகு பின்பலகையில் மட்டக்குழாய் வைத்துக் குறுக்கே சமன் செய்தேன். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் நேரான இடத்தில் கோணமானியை ஒட்டினேன். இடப்பக்கம் 22, வலப்பக்கம் 22. பத்து அடி முன்னால் போய் அளந்தால் 25.

ஆக மோப்பியின் சாய்வு என்று முதல் நாள் எழுதியது தப்பு. விற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். மேலே உள்ளதை அழிக்கவில்லை, கீழே வரை படிப்பவர்கள் இங்கே பார்த்துக்கொள்ளட்டும். ஆகஸ்டில் நேராக ஓடியது 24-ல் இல்லை, 22-ல்.

அளக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலப்பக்கம் உள்பட்டையின் விளிம்பு ஒன்றரை அடி நீளத்துக்கு மழுங்கியிருக்கிறது. வண்டியின் உருளையில் உரசி உரசித் தேய்ந்திருக்கும். மழுங்கிய விளிம்பில் நீர் பிரியாது, வளைந்து ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். கோடை முழுக்க வலப்பக்கம் சாரல் கொஞ்சம் அதிகமாக இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். குளிர் இறுகுவதற்குள் எபாக்ஸி வைத்து, நேர்ப்பலகை பிடித்து, மறுபடி கூராகத் தேய்க்க வேண்டும். இந்த வேலையை யாராவது முன்பே செய்திருந்தால் எந்த அளவு மணல்தாளில் முடித்தீர்கள் என்று எழுதுங்கள்.